பிப்சின் அம்மாளின் நாற்காலி: டிக்கன்ஸ் தம் ஓவியர்களுக்கு எழுதிய கடிதங்கள்

ஏட்டுவாசி எழுதியது:

சார்லஸ் டிக்கன்ஸின் ‘டோம்பி அண்டு சன்’ நாவலை, அது மாதந்தோறும் பகுதி பகுதியாக வந்தபோது இணைந்திருந்த படங்களுடன் அச்சிட்ட ஒரு பதிப்பில் மறுபடியும் வாசித்து வருகிறேன். எட்டாம் அத்தியாயத்தில், தாயை இழந்த சிறுவன் பால், பிரைட்டன் நகரில் குழந்தைகளைத் தங்கவைத்து வளர்க்கும் திருமதி பிப்சின் என்ற கிழவியின் வீட்டில் கணப்பருகே உட்கார்ந்து அவளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். என்ன யோசிக்கிறாய் என்று அவள் கேட்டால், ‘உங்களைத்தான், உங்களுக்கு எவ்வளவு வயதிருக்கும் என்று’ எனத் தயங்காமல் சொல்வான். ‘ஃபிஸ்’ என்ற புனைபெயரில் வரைந்த ஹாப்லோ நைட் பிரௌன் இக்காட்சிக்கு ஒரு படம் போட்டிருக்கிறார். எனக்கு அது பிடித்த படம். ஆனால் டிக்கன்ஸுக்கு அதைக் கண்டு வந்த கோபம் சாதாரணமானதன்று.

1846ஆம் ஆண்டின் இறுதியில், வெளிநாட்டில் இருந்தபடி அவர் தம் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், படம் குறியை விட்டு எங்கோ போய்விட்டது என்றும், பாலின் குட்டி நாற்காலி கதையில் ஒரு முறைக்கு மேல் குறிப்பிடப்பட்டிருக்க, அவன் கணப்பின் மூலையில் தாழ உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும் என்றும், இந்தப் படம் புத்தகத்தில் இடம்பெறாமல் இருக்க நூறு பவுன் வேண்டுமானாலும் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன் என்றும் புலம்புகிறார். ஃபிஸ் பையனை உயரமான நாற்காலியில் அல்லவா ஏற்றி வைத்துவிட்டார்!

என்னை உறுத்துவது இதற்கு அடுத்து வரும் வாக்கியம். கதையைக் கொடுக்காமல் இருந்தால்தான் இவர் நன்றாக வரைகிறார் என்றும், சுருக்கமான விவரணையாகச் சொன்னால் அது எளிதாக மனத்தில் ஏறிவிடுகிறது என்றும் டிக்கன்ஸ் எழுதுகிறார். அப்படியானால் ஃபிஸ் வரைந்தது நாவலுக்கா, கடிதத்துக்கா? இதுபற்றி நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அமிலக்கோடு எழுதியது:

நான் பதிப்போவியம் பயின்றவன் என்பதால் தொழில்முறையில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு விவாதத்துக்கு வருகிறேன். இந்த நாவல்கள் மாதம் ஒரு பகுதியாக, பச்சை அட்டைக்குள், 32 பக்கங்களும் இரண்டு படங்களுமாக ஒரு ஷில்லிங் விலைக்கு வந்தவை. படங்கள் எஃகுத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய கோட்டை அமிலம் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பி அச்சிடப்பட்டவை. தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் வரும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றியே வரைய வேண்டும். (என் முதல் தகட்டில் ஒரு கடையின் பெயர்ப்பலகையை நேராக எழுதிவிட்டு, அச்சில் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.)

ஒரு நாவலுக்கு ஏறத்தாழ 40 படங்கள் தேவைப்பட்டன. விற்பனை ஏறும்போது தகடு தேய்ந்துவிடும் என்பதால் அதே படத்தை இன்னொரு தகட்டில் மறுபடியும் வரைய வேண்டியிருந்தது. டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலின் படங்கள் பலவற்றுக்குச் சற்றே வேறுபட்ட இரு வடிவங்கள் இருப்பதன் காரணம் அதுவே. அமிலத்தில் இட்டபின் ஒரு நாற்காலியைத் தாழ்த்துவதென்றால் உலோகத்தையே சுரண்டித் தேய்த்து, பின்புறம் தட்டிச் சமப்படுத்தி, மறுபடி கீற வேண்டும். மாதக் கடைசி நெருங்கும்போது அதற்கு நேரம் இருக்காது. ஆகவே பென்சில் வரைவை எழுத்தாளர் பார்த்துத் திருத்தம் சொல்லும் கட்டத்திலேயே எல்லாம் முடிந்தாக வேண்டும். எழுத்தாளர் கடல் கடந்து இருக்க, ஓவியர் லண்டனில் இருந்தால், பார்க்காமலேயே ஒரு படம் அச்சேறுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

இன்னொன்று: எழுத்தாளர் மாதப் பகுதியை எழுதி முடிக்கும்வரை ஓவியர் காத்திருக்க முடியாது. எழுதப்படாத காட்சிக்குக் கடிதம்தான் கதை.

நெய்தல் எழுதியது:

தொழில்நுட்பக் காரணங்களை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவற்றைச் சொல்லியே டிக்கன்ஸின் ஆதிக்கத்தை மறைத்துவிடக் கூடாது. பிக்விக் பேப்பர்ஸ் யாருடைய திட்டம்? வேட்டைக்குப் போய் அசடு வழியும் லண்டன்வாசிகளைப் பற்றிய கேலிப் படங்களை வரைய முன்வந்தவர் ராபர்ட் சீமோர். படங்களுக்கு இடையே நிரப்பிக் கொடுக்கத்தான் 1836 பிப்ரவரியில் பதிப்பாளர் சாப்மன் அண்டு ஹால் நிறுவனத்தார் 24 வயது டிக்கன்ஸைத் தேடிப் போனார்கள். அவரோ போனவுடனேயே, படத்துக்குக் கதை அன்று, கதைக்குப் படம் என்று தலைகீழாக்கினார். அந்த ஏப்ரல் 14ஆம் தேதி சீமோருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரு படத்தை மாற்றி வரையச் சொன்னார். ஏப்ரல் 20ஆம் தேதி சீமோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். பிற்காலத்தில் டிக்கன்ஸ், நூலின் உருவாக்கத்தில் சீமோருக்குப் பெரிதாகப் பங்கேதும் இல்லை என்று முன்னுரைகளில் மறுத்துக்கொண்டே இருந்தார். ஃபிஸ் 23 ஆண்டுகள் தாக்குப்பிடித்தார் என்றால், முதலிலிருந்தே பணிந்து போனதால்தான்.

ஏட்டுவாசி எழுதியது:

நண்பர் நெய்தல் சொன்ன தேதிகள் சரியானவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதும் ஒரு கொலைக்குற்றம் போலத் தோன்றிவிடுகிறது என்பதுதான் என் தயக்கம். அந்த ஏப்ரல் கடிதத்தை முழுமையாகப் படித்தால், படம் தமக்கு மிகவும் பிடித்திருப்பதாகத் தொடங்கி, ஆனால் தாம் நினைத்தது அதுவன்று என்று சொல்லி, அந்தப் பெண் இன்னும் இளையவளாகவும், கதை சொல்லும் மனிதர் இவ்வளவு பரிதாபமாக இல்லாமலும் இருந்தால் நன்று என்று கேட்டு, ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை அருந்தும்படி அழைப்பதோடு முடிகிறது. நயமான கடிதம்தான். ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதற்கு ஒரு கடிதத்தைக் காரணமாக்குவது சீமோருக்கும் நியாயம் செய்வதாகாது.

ஆயினும் நயமான கடிதமும் கனமாக இருக்கக்கூடும் என்பதை ஏற்கிறேன். பன்னிரண்டு வயதுக்கு மேல் மூத்தவரும் பெயர்பெற்றவருமான ஓவியரிடம், தம் திட்டத்தில் பின்னால் வந்து சேர்ந்த ஓர் இளைஞர் ‘நான் நினைத்தது இதுவன்று’ என்று எழுதுகிறார்.

ஃபிஸ் பணிந்தவர் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ‘மார்ட்டின் சஸல்விட்’ நாவல் வந்த காலத்தில் டிக்கன்ஸ் அனுப்பிய ஒரு நீண்ட காட்சிக் குறிப்பைப் பார்த்துவிட்டு அவர் எழுதிவைத்த பதில் இது: இவ்வளவு ஆழத்தையும் என்னால் படத்துக்குள் கொண்டுவர முடியாது, ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் படம் போட அனுமதித்தால் பார்க்கலாம்! பணிந்து போகிறவர் எழுதுகிற வரியா இது?

பழைய தூரிகை எழுதியது:

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேல் வார இதழ்களில் தொடர்கதைக்குப் படம் போட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ‘கதையைக் கொடுக்காமல் இருந்தால்தான் நன்றாக வரைகிறார்’ என்பதை ஏட்டுவாசி அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கு அது உண்மையாகவே படுகிறது.

ஓர் இதழில் ஒருமுறை அத்தியாயம் முழுவதையும் கையெழுத்துப் படியாகவே கொடுத்தார்கள். நான் ஆர்வத்தோடு படித்து, எனக்குப் பிடித்த காட்சியைத் தேர்ந்தெடுத்து, கோயில் குளப்படியில் ஆறு பேர், பின்னால் கோபுரம், தண்ணீரில் நிழல் என்று இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்தேன். எழுத்தாளருக்கு வேண்டியிருந்ததோ தாழிட்ட ஒரு கதவு மட்டும். இன்னொரு சமயம், உதவி ஆசிரியர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: ‘மாடிப்படி, ஒரு பெண், கையில் தந்தி, முகம் தெரிய வேண்டாம்.’ வாசகர்கள் பிற்பாடு என்னிடம் நினைவுகூர்ந்த படம் அதுதான். நூறு விவரம் கொடுத்தால் எது கதையின் மையம் என்பதை நான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது; நாலே விவரம் கொடுத்தால் எழுத்தாளர் தீர்மானித்துவிட்டார் என்று பொருள்.

ஆனால் ஒன்று. அந்த நாலு விவரத்தில் ஒன்று விடுபட்டால் பழி ஓவியன் மேல்தான் விழும். அந்தத் தொடரின் நாயகி விதவை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் பூ வைத்துவிட்டேன். வந்த வாசகர் கடிதங்கள் அத்தனையும் என்னைத்தான் திட்டின.

ஏட்டுவாசி எழுதியது:

பழைய தூரிகை ஐயா சொன்னதற்கு நேரான சான்று இதே நாவலின் கடிதங்களில் இருக்கிறது. 1847 மார்ச்சில், மேஜர் பாக்ஸ்டாக் என்பவர் சிறுவன் பாலின் தந்தை திரு டோம்பியை எடித் என்ற பெண்ணுக்கு அறிமுகப்படுத்தும் காட்சிக்காக டிக்கன்ஸ் ஃபிஸ்ஸுக்கு எழுதுகிறார். காட்சி நூலுக்கு மிக முக்கியமானது, முடிந்தால் முன்வரைவைப் பார்க்க விரும்புகிறேன் என்று தொடங்கிவிட்டு, எடித்தை அவர் விவரிப்பதன் சாரத்தைத் தருகிறேன்: வயது முப்பது இருக்கும், அதற்கு ஒரு நாள்கூடக் கூடாது, அழகி, கர்வி, நல்ல உடல்வாகு, எடுப்பான உடை, எதிலும் பட்டுக்கொள்ளாத ஓர் அலட்சியம், அதற்குள் சைத்தானின் பொறி ஒன்று இருப்பதாகக் காட்ட வேண்டும், இளமையில் மணமானவள், கணவன் இறந்துவிட்டான், முகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு, ஒரு வைர அட்டிகையின் புகழிலும் குடும்பப் பெருமையிலும் காலம் தள்ளுகிற கிழத்தாயோடு ஊர் ஊராகத் திரிகிறாள், அவளுக்கு ஒரு கணவன் வேண்டும், பணக்காரன் அல்லாத எவனையும் அவளால் மணக்க முடியாது.

இதில் ஊசியால் கீறக்கூடியது எவ்வளவு என்று பாருங்கள். வயதைக் கீறலாம், உடையைக் கீறலாம். ‘கணவன் வேண்டும்’ என்பதை எஃகில் எப்படிக் கீறுவது? ஆனாலும் டிக்கன்ஸ் சொல்கிறார். அந்தப் பெண்ணின் வரலாறு தெரிந்த கை, அது தெரியாத கையைவிட வேறு விதமாகக் கோடு இழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முன்வரைவு வந்ததும் எழுதிய மறுகடிதமும் கிடைத்திருக்கிறது. படம் அபாரம், பெண்கள் இருவரும் மிகச் சரியாக வந்துவிட்டார்கள் என்று மெச்சியபின், ஓரிரு இடங்களை மாற்றும்படி கேட்டே ஆகவேண்டும், அவை தம்மளவில் அருமையானவைதாம், நான் கதைக்காக மட்டுமே பேசுகிறேன் என்று ஒரு வேலி போட்டுக்கொள்கிறார். எழுதவே வருத்தமாக இருக்கிறது, மேஜரின் வேலைக்காரன் ஐரோப்பிய உடையில்தான் இருக்க வேண்டும்; காதில் கடுக்கன் போட்டுக்கொள்ளட்டும், கறுத்த பழுப்பு நிறத்தில் அந்நியனாகத் தோன்றட்டும், ஆனால் உடை ‘மோசஸ்’ பாணியாக இருக்கட்டும்; நான் சொல்வது பழைய ஏற்பாட்டு மோசேயை அன்று, மைனோரீஸ் தெருக்காரரை என்று எழுதுகிறார். லண்டனின் மைனோரீஸ் தெருப்பக்கம் மோசஸ் என்பவர் மலிவான ஆயத்த உடைகளை விற்று வந்தார். பிறகு, மேஜரை இன்னும் கிழவராக, இன்னும் பெரிய முகத்தோடு வரைய முடிந்தால் நன்று என்கிறார்.

நெய்தல் எழுதியது:

அந்த வேலைக்காரனைப் பற்றி நீங்கள் சற்று வேகமாகக் கடந்துவிட்டீர்கள். நாவல் முழுவதும் அவனுக்குப் பெயரே கிடையாது. ‘நேட்டிவ்’ என்றுதான் வருவான். எந்த நாட்டவன் என்று எண்ணிப் பார்க்காமலேயே டாக்ஸ் என்ற பெண்மணி அவனை அப்படி வகைப்படுத்தித் திருப்தியடைந்தாள் என்று டிக்கன்ஸே எள்ளலாக எழுதுகிறார். ஃபிஸ் அவனுக்கு ஏதோ ஒரு கீழைநாட்டு உடையைப் போட்டிருக்க வேண்டும். டிக்கன்ஸ் அதைக் களைந்து, அளவெடுக்காத மலிவான கோட்டை மாட்டிவிடச் சொல்கிறார். இந்த ஓர் இடத்தில் எழுத்தாளர் சொன்னதுதான் சரி என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அலங்காரப் பொம்மையாக நிற்பதைவிட, பொருந்தாத கோட்டுக்குள் நிற்பது அவன் நிலையை நன்றாகக் காட்டுகிறது.

என்றாலும் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. எடித்துக்கு இத்தனை சொன்னவர் பிப்சினுக்கு என்ன சொன்னார்?

நூலகப்படி எழுதியது:

அதற்குச் சான்று கிடைப்பது அரிது. டிக்கன்ஸின் கடிதங்கள் 1965 முதல் 2002 வரை பன்னிரண்டு தொகுதிகளாக, பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டவையாக வெளிவந்துள்ளன. எண்ணிக்கை மலைக்கவைத்தாலும் இந்த இருவர் பக்கம் மட்டும் ஓட்டை விழுந்து கிடக்கிறது. ஃபிஸ் வீடு மாறியபோது எழுத்தாளர்களிடமிருந்து தமக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதியை நெருப்பிலிட்டார். டிக்கன்ஸோ 1860 செப்டம்பரில் காட்ஸ் ஹில் வீட்டுக்குப் பின்புற வயலில் தமக்கு வந்த கடிதங்களை எல்லாம் குவித்துக் கொளுத்தினார். நாம் இரண்டு சாம்பல் மேடுகளுக்கு நடுவே உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

பாதுகாத்து வைத்தவர் ஜார்ஜ் கேட்டர்மோல். ‘தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்’ நாவலுக்கு ஃபிஸ்ஸோடு சேர்ந்து படம் வரைந்தவர். அது வார இதழில் வந்த கதை. படங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை என்பதால், எழுத்துகளோடு ஒரே பக்கத்தில் வரிகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும். 1840 டிசம்பரில், சிறுமி நெல் இறந்து கிடக்கும் காட்சிக்காக டிக்கன்ஸ் அவருக்கு எழுதிய கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. குளிர்காலம் என்பதால் பூக்கள் கிடையாது, அவள் மார்பிலும் தலையணையிலும் ஹோலிச் செடியின் கொத்துகளும் சிவந்த பழங்களும் இருக்கலாம். சன்னலில் ஐவிக்கொடி படர்ந்திருக்கட்டும். தேவதைகளைப் பற்றி அவளோடு பேசிய சிறுவன் பக்கத்தில் இருக்கலாம், விரும்பினால். ஆனால் அவள் தனியாக இருப்பதே அமைதியாக இருக்கும் என்று தோன்றுகிறது. சாவுக்கு மகிழ்ச்சியின் சாயல் இருக்க முடியுமானால் அது படத்தில் தெரிய வேண்டும் என்கிறார். இந்தக் கதையால் என் நெஞ்சு உடைகிறது, முடிக்கவே மனம் வரவில்லை என்றும் எழுதுகிறார்.

அமிலக்கோடு அவர்களே, இந்தக் கடிதத்தில் ‘விரும்பினால்’ என்ற சொல் வருவதைக் கவனித்தீர்களா? கேட்டர்மோல் டிக்கன்ஸைவிட மூத்தவர், நீர்வண்ண ஓவியராகத் தனிப் புகழ் உடையவர். ஃபிஸ்ஸோ டிக்கன்ஸைவிட மூன்று வயது இளையவர், பிக்விக்கில் சேரும்போது இருபத்தொன்றைத் தொடாதவர். மரியாதையின் அளவு கடிதத்தில் தெரியத்தான் செய்கிறது.

பழைய தூரிகை எழுதியது:

மரியாதையைவிட எனக்குக் கண்ணில் பட்டது வேறு. நெஞ்சு உடைகிறது என்று ஓவியரிடம் சொல்கிறாரே, அதுதான். எந்த எழுத்தாளரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த விதவைக்குப் பூ வைத்திருக்க மாட்டேன்.

ஏட்டுவாசி எழுதியது:

ஐயாவின் இந்த வரியைப் படித்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் இத்தனை நாள் தனித்தனியாகப் படித்திருந்த இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று இணைந்தன.

பிப்சின் வீட்டைப் பற்றி எழுதிய நாட்களில் டிக்கன்ஸ் ஃபார்ஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது உண்மை வாழ்விலிருந்து எடுத்தது, நானே அங்கே இருந்தேன், எனக்கு எட்டு வயதுகூட இருக்காது, ஆனால் எல்லாம் அப்படியே நினைவிருக்கிறது என்கிறார். உண்மையில் அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருக்க, சிறுவன் சார்லஸ் காலணி மைத் தொழிற்சாலையில் குப்பிகளுக்குத் தாள் ஒட்டிக்கொண்டு, காம்டன் டவுனில் ஒரு கிழவியின் வீட்டில் தங்கவைக்கப்பட்டிருந்தான். அந்தக் கிழவிதான் திருமதி பிப்சின் என்று பின்னர் அவரே எழுதி வைத்தார்.

இப்போது அந்த நாற்காலியைப் பாருங்கள். டிக்கன்ஸ் கேட்டது ஒரு மரச்சாமானின் உயரத்தை அன்று. தாழ்ந்த இடத்திலிருந்து ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்த கோணத்தை. ஃபிஸ் பையனை உயரத்தில் உட்காரவைத்ததும் அந்தக் கோணம் போய்விட்டது; கிழவியும் சிறுவனும் சம உயரத்தில், சற்று வேடிக்கையான இரட்டையராகிவிட்டார்கள். நாவலின் வரிகளில் நாற்காலி குட்டியானது என்று இருக்கிறது, அதைக் கவனிக்காதது ஃபிஸ்ஸின் பிழைதான். ஆனால் நூறு பவுன் வலி அந்த வரிகளில் இல்லை. அது ஃபார்ஸ்டருக்கு மட்டும் சொல்லப்பட்டது. மாதாமாதம் அந்தக் குடும்பத்தின் முகங்களை வரைந்துகொண்டிருந்த மனிதருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. எடித்துக்கு ஒரு முழு வரலாற்றை எழுதி அனுப்பிய டிக்கன்ஸ், தம் வரலாற்றை அனுப்பவில்லை.

அமிலக்கோடு எழுதியது:

இதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. டிக்கன்ஸ் அதை யாரிடமும் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாது என்பார்கள். எனவே ஓவியரிடம் மறைத்தார் என்று குற்றஞ்சாட்டுவதில் பொருளில்லை. என் வருத்தம் வேறு. கோபத்தையாவது ஃபிஸ்ஸிடம் நேரே சொல்லியிருக்கலாம். மூன்றாம் மனிதருக்கு எழுதினார்.

அதே பழக்கம் இறுதியிலும் தொடர்ந்தது. 1859இல் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ முடிந்தபின் ஃபிஸ்ஸுக்கு வேலை வரவில்லை. 1864இல் அடுத்த மாதத்தொடருக்கு மார்கஸ் ஸ்டோன் என்ற இளைஞர் அமர்த்தப்பட்ட செய்தி தெரிந்ததும், தம் தகடுகளை அமிலத்தில் இட்டுக் கொடுக்கும் கூட்டாளி ராபர்ட் யங்குக்கு ஃபிஸ் எழுதுகிறார்: நான் நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறேன், கையிலிருக்கும் தகடுகள் எல்லாம் நேரத்துக்கு முடிந்துவிட்டன, என்ன நடந்தது என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியவில்லை, பழைய பொம்மைகளுக்குப் புதுக் கை புது முகம் கொடுக்கும் என்று டிக்கன்ஸ் நினைக்கிறார் போலும். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் நாசமாய்ப் போகட்டும், இந்தக் கூட்டத்தோடு எனக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று முடிக்கிறார். பத்து நாவல்களுக்குப் பிறகு!

நெய்தல் எழுதியது:

பணிந்து போனவர் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் கடைசி வரி பணிந்தவர் எழுதுவது அன்று. எழுத்தாளர்களின் கடிதங்களை அவர் ஏன் கொளுத்தினார் என்பதும் எனக்கு இப்போது அவ்வளவு புதிராகத் தோன்றவில்லை. அது என் ஊகம் மட்டுமே.

நூலகப்படி எழுதியது:

ஒரு சிறு தகவலைச் சேர்த்துவிடுகிறேன். டிக்கன்ஸ் இறந்தது 1870 ஜூனில். ஃபார்ஸ்டரின் வாழ்க்கை வரலாறு அதன்பின் 1874 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. நாம் மேலே பேசிய இரண்டு கடிதங்களும், குழந்தைப் பருவத்துத் தொழிற்சாலைக் கதையும், டோம்பியின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்காக ஃபிஸ் ஒரே தாளில் வரைந்து அனுப்பிய ஏறத்தாழ முப்பது தலைகளும் அந்த நூலில்தான் முதன்முறையாக அச்சேறின.

ஃபிஸ் 1882 வரை உயிரோடு இருந்தார். 1867இல் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய வலக்கை பழையபடி வசப்படவில்லை. ஆனாலும் வரைந்துகொண்டுதான் இருந்தார். கால் நூற்றாண்டுக்கு முன்பு தாம் போட்ட ஒரு நாற்காலியைப் பற்றி டிக்கன்ஸ் என்ன எழுதினார் என்பது, அந்த நூலை வாங்கிய எல்லா வாசகர்களுக்கும் தெரிந்த அதே நாளில், அவருக்கும் கடையில் கிடைத்தது.